தாமரையில் சாயம் இல்லை

ராஜபாளையம்
14-5-1989

சண்முகத்தாய்க்கு,

நீ செய்த தவறை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மதுரைக் கைத்தறிக் கண்காட்சியில், உங்கள் நெசவாளர் சங்கத்துக் கடை முன்னால், ஓர் அம்மாள் அந்தச் செம்மஞ்சள் பட்டுச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "இது தாமரைப் பூவுல எடுத்த சாயமா?" என்று கேட்டாள். நீ "ஆமா" என்றாய்.

நான் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் கடைக்கு எதிரே வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ் நின்றான். என் தங்கை போட்ட சாயத்தைப் பார் என்று நான்தான் அவனைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன். அவன் சும்மா இருப்பானா? "என்ன அண்ணாச்சி, இம்புட்டு நாளா மலையில இருந்து வருதுன்னீக. இப்பம் கொளத்துல இருந்து வருதா?" என்றான். ராஜபாளையம் திரும்பும்வரை அதையே நாலு விதமாகக் கேட்டான்.

சேலையில் கட்டித் தொங்கவிட்ட அட்டையையும் பார்த்தேன். "கமலா இயற்கைச் சாயம்" என்று அச்சு. பக்கத்தில் தாமரைப் படம். கபிலம் என்ற அந்தச் சாயத்தின் சரியான பெயர் எங்கும் இல்லை. அந்தப் பெயரின் வரலாற்றை நாலு பக்கம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அட்டையின் பின்பக்கம் அச்சடிக்கிறோம் என்று வாங்கிப் போனவள் நீ. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்ட வந்த பழைய புத்தகங்களைக் கட்டுவதற்கு முன் படித்தேன். அப்படிச் சேர்த்ததுதான் அந்த நாலு பக்கமும். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் "ஆமா" என்றாய்.

அட்டையைத் திருத்தும்வரை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரமாட்டேன்.

சுயம்புலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22-5-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைச் சங்கத்து முகவரிக்குப் போட்டுவிட்டீர்கள். எனக்கு முன்னால் பத்துப் பேர் படித்தாயிற்று. சங்கத்துச் செயலாளர், அதாவது உங்கள் மாப்பிள்ளை, படித்துவிட்டு, "ஏட்டி, ஒங்க அண்ணாச்சி போட்டது கடுதாசியா, வக்கீல் நோட்டீசா?" என்று கேட்கிறார்.

"ஆமா" என்று சொன்னது உண்மைதான். அந்த அம்மாள் அன்றைக்குப் பதினெட்டாவது ஆள். முதலில் வந்தவருக்கு முழுக்கதையும் சொன்னேன். மலையடிவாரத்து மரம், கொத்துக் கொத்தாகக் காய், காயின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்புத் தூளைத் தேய்த்து எடுக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்கும், வாழைமட்டைச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரில்தான் நிறம் இறங்கும் என்று. நான் சாம்பலுக்கு வருவதற்குள் அவர் கொட்டாவி விட்டார். இரண்டாவதாக வந்தவள் சாயத்தின் பெயரைக் கேட்டாள். பொடி கொண்டுவருகிற குருவம்மாள் சொல்கிற பெயர்தான் என் வாயில் வந்தது. "கொரங்குமஞ்சநாத்தி" என்றேன். சேலைக்குள் குரங்கு உட்கார்ந்திருப்பது போலக் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

வடக்கத்தி வியாபாரிகள் எல்லோரும் கமலா என்றுதான் கேட்கிறார்கள். அதனால் அதையே போடச் சொன்னேன். கமலா என்றால் தாமரைதானே என்று அச்சாபீசில் அவர்களாகவே படத்தைச் சேர்த்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். உங்கள் நாலு பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துக் கோக்கிறவர், "இம்புட்டையும் போடணும்னா சேலைய விட அட்டை பெருசா வேணும்" என்றார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி நல்ல செய்தி. முத்துப்பேச்சிக்கு நாள் குறித்தாயிற்று. ஆவணி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் பத்து. மாப்பிள்ளை காளிராஜ் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். முகூர்த்தச் சேலைக்கு நானே சாயம் போடப் போகிறேன், பொடி அனுப்புங்கள். தாய்மாமனாக நீங்கள்தான் அவளுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துதான் ஆகவேண்டும்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்
3-6-1989

சண்முகத்தாய்க்கு,

நாள் குறித்தது சந்தோஷம். பையன் வேலையும் நல்ல வேலை. பொடி அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தின் ஆறு பக்கமும் "கபிலம்" என்று எழுதியிருக்கிறது. எப்படிப் புரட்டினாலும் கண்ணில் படும்.

நாலு பக்கத்தைப் படிக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை, சுருக்கி எழுதுகிறேன், படி. கபிலம் என்பது நிறத்தின் பெயர். கபிலை என்று பசுவைச் சொல்கிறோமே, அந்தச் செவலை. பழைய வைத்திய ஏடுகளில் கம்பில்லம் என்றும் இருக்கிறது. வடக்கே அந்த மாதிரிப் பெயரில் ஒரு பட்டணம் இருந்ததாம், அங்கிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். நிறம் முந்தியா, பட்டணம் முந்தியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் எழுதுவது அபூர்வம், குறித்துக்கொள். எப்படியானாலும் அந்தப் பெயர்தான் வியாபாரிகள் வாயில் தேய்ந்து கமேலா ஆகி, கமலா ஆயிற்று. தாமரைக்கும் இதற்கும் ஓசையைத் தவிர உறவு கிடையாது. உங்கள் தெருவில் இன்னொரு சண்முகத்தாய் இருக்கிறாள். அதனால் அவள் எனக்குத் தங்கை ஆகிவிடுவாளா?

குருவம்மாள் சொல்வது காட்டுப் பேச்சு. சேத்தூரிலிருந்து முப்பது வருஷமாக என் கடைக்குப் பொடி கொண்டுவருகிறாள். முப்பது வருஷமாகத் திருத்துகிறேன். "கபிலம்னு சொல்லு" என்பேன். "சரி அண்ணாச்சி, கொரங்குமஞ்சநாத்திய எங்கன எறக்கி வைக்க?" என்பாள்.

அட்டை மாறாமல் நான் வருவதற்கில்லை. மாலையையும் சீர்த்தட்டையும் பொன்னுராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன். குறை வராது.

சுயம்புலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-6-1989

அண்ணனுக்கு,

பொன்னுராஜ் அண்ணனா என் மகளுக்குத் தாய்மாமன்? அவர் மாலை எடுத்துவந்தால் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பாடு போட்டு அனுப்புவேன். அதற்கு மேல் அவருக்கு இங்கே வேலை இல்லை.

உங்கள் கடிதத்தை முத்துப்பேச்சியிடம் காட்டியிருக்கக் கூடாது, காட்டிவிட்டேன். "மாமா வரலைன்னா நான் உள்ளறைய விட்டு எந்திரிக்க மாட்டேம்மா. அவிய கூட்டிட்டுப் போகாம நானா நடந்து போயி மணையில உக்காருவனா?" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் என் கல்யாணத்துக்கு எல்லாமாக நின்றவர் நீங்கள். அன்றைக்குப் பந்தலில் எழுத்துப்பிழையோடு ஒரு வரவேற்புத் தட்டி தொங்கியது. அதை இறக்கித் திருத்தி ஏற்றின பிறகுதான் தாலி கட்ட விட்டீர்கள். இன்றைக்கும் இந்தத் தெருவில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் உங்கள் தங்கைதானே, எனக்கும் அந்தப் பிடிவாதத்தில் பங்கு உண்டு. ஆகையால் ஒன்று கேட்கிறேன்.

போன வாரம் குருவம்மாள் கோயிலுக்கு வந்தவள் இங்கேயும் வந்தாள். சாயத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எப்பப் பாத்தாலும் கபிலம் கபிலம்ங்காகளே, அப்படின்னா என்ன தாயி?" என்று கேட்டாள்.

"ஒரு நெறம்" என்றேன்.

"என்ன நெறம்?"

"செவலை."

"எதோட செவலை? மாட்டுச் செவலையா, மண்ணுச் செவலையா?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. பசுவுக்கு அந்த நிறத்தால் கபிலை என்று பேர் என்கிறீர்கள், சரி. நிறத்துக்கு எதனால் அந்தப் பேர்? அதற்குப் பதில் வரட்டும். அதுவரை அட்டையைத் தொட மாட்டேன்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்
1-7-1989
(தபால் கார்டு)

சண்முகத்தாய்க்கு, கடிதம் கிடைத்தது. கேள்வியும் கிடைத்தது. பார்த்து எழுதுகிறேன். இங்கே மழை இல்லை.

சு.


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-8-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தேன். தேர் தெருமுனை திரும்பும்போது வழக்கமாக நீங்கள் நிற்கிற இடத்தில் யாரோ பலூன் விற்றுக்கொண்டிருந்தான். பார்க்கிற சொந்தக்காரர் எல்லாம், "அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். முடியவில்லை என்றுதான் சொன்னேன். கமலா, கபிலம் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

முகூர்த்தச் சேலைக்கான பட்டு நூலுக்குச் சாயம் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பொடி நன்றாக இருந்தது. படிகாரத் தண்ணீரில் ஊற வைத்த நூலைச் சாயத்தில் முக்கி எடுத்து நிழலில் காயப்போட்டேன். காயக் காய ஏறிக்கொண்டே வந்தது அந்தச் சிவப்பும் மஞ்சளும். தறியில் ஏற்றியாயிற்று. பாதி நெய்தும் ஆயிற்று. முத்துப்பேச்சி போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிறாள்.

நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவம்மாள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டேன். கமலாவையும் எடுத்துவிடுகிறேன், தாமரையையும் எடுத்துவிடுகிறேன். அட்டையில் என்ன இருக்க வேண்டுமோ நீங்களே எழுதி அனுப்புங்கள், ஓர் எழுத்து மாறாமல் அச்சடிக்கிறோம். உங்கள் மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார்.

நீங்கள் வந்தால் போதும்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்
16-8-1989

சண்முகத்தாய்க்கு,

நீ தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, "கபிலம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். இரண்டு தடவை எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் ஜூலை பத்தாம் தேதியே கிடைத்துவிட்டது. எழுதுவதற்குக் கை வரவில்லை. தேருக்கு வராததற்கும் அதுதான் காரணம். வந்தால் நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டியிருக்கும்.

என் அகராதியில் அந்தப் பக்கத்தைச் செல் அரித்துவிட்டது. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷமும் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் படித்திருக்கிறேன். ஆகவே நூலகத்துக்குப் போய் அங்கே இருந்த பெரிய அகராதியை எடுத்தேன். கபி என்றால் குரங்கு. கபிலம் என்றால் குரங்கின் நிறம். அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நூலகரைப் படித்துக் காட்டச் சொன்னேன். அவரும் குரங்கு என்றுதான் படித்தார்.

இதனால் நிரூபணமாவது என்னவென்றால், கபிலம் என்று நான் சொன்னது சரி. குருவம்மாளும் நான் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அகராதி குரங்கின் நிறத்தைச் சொல்கிறது. காட்டுக்காரர்கள் எதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. போன புதன்கிழமை குருவம்மாள் கடைக்கு வந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். பயந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, பொடியில மண்ணு கிடக்கா?"

"அதெல்லாம் இல்ல. அந்தப் பேரு எப்படி வந்துச்சு, சொல்லு."

"எந்தப் பேரு?"

"நீ சொல்லுத பேருதான்."

"ஒங்க வாயால சொல்லுங்க, பொறவு சொல்லுதேன்."

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். சொன்னேன்.

"மஞ்சநாத்தி வேருல சாயம் எடுக்கோம்லா, அது மனுசனுக்கு. இது கொரங்குக்கு. காய் பழுத்துச்சுன்னா அதுக கூட்டமா வந்து ரெண்டு கையிலயும் தேச்சி மூஞ்சியில அப்பிக்கிடும். ஒண்ணுக்கொண்ணு காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். சடங்கு வீட்டுப் பொம்பளைக கணக்கா இருக்கும் பாக்கதுக்கு."

"நீயே பாத்தியா?"

"நான் பாக்காம? நீங்க பொஸ்தகத்துல பாத்தீக, நான் மரத்துல பாத்தேன்."

ஆக, நிறம் வேறு, பூசிக்கொள்வது வேறு. ஆனால் குரங்கு ஒன்றுதான். இதை உனக்கு எழுதாமல் அட்டையில் கபிலம் என்று மட்டும் போட்டால், நீ அந்த அம்மாளிடம் "ஆமா" என்று சொன்னதற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

சுயம்புலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-8-1989

என் அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நானே சங்கத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. உங்கள் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குருவம்மாளுக்கும் சொல்லி அனுப்பினேன். அவள் பதில் சொல்லிவிட்டிருக்கிறாள்: "அப்பம் அண்ணாச்சி முப்பது வருசமா எங்கிட்ட 'கொரங்குன்னு சொல்லாத, கொரங்குன்னு சொல்லு'ன்னுதான் சண்டை போட்டிருக்காக!" கோபிக்க வேண்டாம். நீங்கள் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னதையும் சேத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றையும் கேளுங்கள். முந்தாநாள் மாப்பிள்ளையின் அம்மா அழகுத்தாய் மதினி ஆலங்குளத்திலிருந்து சேலையைப் பார்க்க வந்தார்கள். தறியில் இருந்ததை விரித்துக் காட்டினேன். மடியில் போட்டுப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "நல்லாருக்கு மதினி. என்ன சாயம் இது?" என்றார்கள்.

அண்ணே, உண்மையைச் சொல்கிறேன், தாமரை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்யாணச் சேலை, சம்பந்தி வீடு, இருபது நாள்தான் இருக்கிறது. நான் விழுங்குவதற்குள் முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள்.

"கொரங்குமஞ்சநாத்தி அத்தை" என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. அழகுத்தாய் மதினி சேலையைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள்.

"கொரங்கா?"

"ஆமா அத்தை. எங்க மாமா பெரிய பொஸ்தகத்துலயே பாத்துட்டாக. அவியளும் கொரங்குதான்னு ஒத்துக்கிட்டாக."

சேலையை மறுபடியும் மடியில் போட்டுக்கொண்டார்கள். பிறகு மதினி சொன்னார்கள்: "பொருத்தந்தான். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அஞ்சு வயசு வரைக்கும் நான் அதக் கொய்யா மரத்துல இருந்து எறக்கித்தான் சோறு ஊட்டினேன்."

அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் சின்ன வயதுக் கதைகள்தான், மாலை பஸ் வரும்வரை. இவள் ஒன்று விடாமல் கேட்டு வைத்துக்கொண்டாள்.

இனி அட்டையில் என்ன போடுவது, நீங்கள் சொல்லுங்கள். எனக்கு எதுவானாலும் சம்மதம். நீங்கள் வருகிறீர்களா என்று மட்டும் கடிதத்தில் எழுதவே இல்லை. நானும் மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்
28-8-1989

சண்முகத்தாய்க்கு,

முத்துப்பேச்சி சம்பந்தியிடம் சொன்னதில் ஒரு பிழை உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தேன். மற்றபடி அவள் சொன்னது சரி. இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை ஆவுடையப்பன்: அச்சடித்த அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். கமலாவும் தாமரையும் மறையும்படி மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் இப்படி அச்சடிக்க வேண்டும்: "குரங்குமஞ்சநாத்தி. கபிலம் என்றும் சொல்வது உண்டு." இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எது முதலில் வருவது என்று மூன்று நாள் யோசித்தேன். குரங்கு முதலில். பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். நாலு பக்கத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதில் நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது.

அச்சாபீஸ்காரர்: ஒட்டுவதற்கு முன் ஒரு பிரதி எனக்கு அனுப்ப வேண்டும். "மஞ்ச"வுக்குப் பிறகு "ணா" போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். குருவம்மாள் சொல்வதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

குருவம்மாள்: முதல் நாளே வந்துவிட வேண்டும். சாயத்தைப் பற்றி எவர் கேட்டாலும் அவள்தான் சொல்ல வேண்டும். குரங்கு மூஞ்சியில் பூசுவதை நடித்துக் காட்டச் சொன்னால் காட்டலாம். முகூர்த்த நேரத்தில் மட்டும் வேண்டாம்.

பொன்னுராஜ்: சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவான். குளம் என்ற சொல் அவன் வாயில் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வரும். பொருட்படுத்த வேண்டாம்.

முத்துப்பேச்சி: நான் வந்து கையைப் பிடிக்கும்வரை உள்ளறையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

நான்: செப்டம்பர் ஒன்பதாம் தேதி, காலையில் முதல் பஸ். மாலையை இங்கேயே கட்டச் சொல்லி எடுத்துவருகிறேன். உங்கள் ஊரில் நெருக்கிக் கட்ட மாட்டார்கள்.

நீ: பஸ் ஸ்டாண்டுக்கு வரலாம். அழக் கூடாது. அழுதால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

சுயம்புலிங்கம்